தானியேல் அண்ணன் போட்ட வேஷம்

எங்கள் அண்ணன் தானியேல் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் மண்டியில், ரோமம் கழலத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தார். நல்ல உடம்பு, பெரிய சிரிப்பு. அதனால் வருஷா வருஷம் எங்கள் கோயிலில் கிறிஸ்மஸ் தாத்தா அவர்தான். தோலிலிருந்து சுரண்டிப் போடும் செம்மறி ரோமத்தைப் பாலாற்றில் நாலு தரம் அலசிக் காய வைப்பார். அதைத் துணியில் வைத்துத் தாடியாகத் தைத்துக் கொடுத்தவள் நான்.

"இன்னா மச்சான், செத்த ஆட்டுக்கு மறுபடி உசிரு வந்துடுச்சா?" என்று கூட வேலை செய்யும் வேலாயுதம் கேலி பண்ணுவார்.

அண்ணன் மகள் அமிர்தவள்ளிக்கு அப்போது ஏழு வயது. தாத்தா மோட்சத்திலிருந்து வருகிறார் என்று நாங்கள்தான் சொல்லி வைத்திருந்தோம். அண்ணன் வாயில் பாக்கை அடக்கிக்கொண்டு குரலை மாற்றிப் பேசுவார். சுண்ணாம்பு வாடையை வைத்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. எங்கள் தெருவில் எல்லா ஆண்பிள்ளைகள் மேலும் அந்த வாடைதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் அண்ணி ராஜம்மாள் இருமி இருமிப் படுத்த படுக்கையாகிவிட்டாள். பண்டிகைக் காலையில் ஆராதனை முடிந்து, தாத்தா கடலை உருண்டை கொடுத்துக்கொண்டே வந்தார். அமிர்தம் அதை வாங்கவில்லை. அவரைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னாள்:

"எங்கம்மாவுக்கு இருமல் நிக்கணும் தாத்தா. எங்கப்பாவாண்ட சொல்லாதீங்க, அது அழுவும்."

பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அண்ணன் மாற்றிய குரலிலேயே, "நிக்கும் கண்ணு, நிக்கும்" என்றார். வேறு என்ன சொல்லுவார்? அது அன்பு என்றுதான் அன்றைக்கு நானும் நினைத்தேன்.

குழந்தை அதற்குப்பின் கவலைப்படவே இல்லை. மாசி மாதம் அண்ணி போய்விட்டாள். பெட்டிக்கு ஆணி அடிக்க வந்தவர் கையை அமிர்தம் பிடித்துக்கொண்டு, "இருங்க, நிக்கும்னு தாத்தா சொல்லிச்சு" என்றாள்.

அண்ணனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. நாலாம் நாள் அவளை மடியில் உட்கார வைத்து, "அந்தத் தாத்தா நான்தாம்மா" என்று சொல்லிவிட்டார்.

அவள் அழவில்லை.

"அப்போ ஏசப்பா? அதுவும் யாராவது வேஷமா?"

"இல்லம்மா, அவரு நெஜம்."

"தாத்தாவையும் நெஜம்னுதானே சொன்னே?"



அதன்பிறகும் சாயங்கால ஜெபத்துக்கு அவள் வந்து உட்காருவாள். ஆமென் மட்டும் சொல்லமாட்டாள். அண்ணன் ஒருநாளும் அதட்டவில்லை. கண்ணை மூடியபடியே, அவளுக்கும் சேர்த்து இரண்டு தரம் ஆமென் சொல்லிக்கொள்வார்.