நின்ற வண்டியில் ஓடிய கரண்ட்

வளைகுடா நாட்டு ஒர்க்‌ஷாப் ஒன்றில் பல வருடம் வயரிங் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பிறகு, திருத்துறைப்பூண்டியில் கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை செய்யும் கடை ஒன்றைப் போட்டேன். ஹாரன், ஹெட்லைட், செல்ஃப் மோட்டார் என்று வருகிற வேலைகள் பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும். பூட்டி நிறுத்திய வண்டியில் பேட்டரி தானாக இறங்கிப் போவதுதான் பிடி கொடுக்காத வேலை. பார்த்தால் எல்லாம் அணைந்திருக்கும். ஆனால் எங்கோ ஒன்று விழித்துக்கொண்டு கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கும்.

தீபாவளி விடுமுறையை ஒட்டிய ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து கடையைத் திறந்தபோது ஒரு பெண் வெள்ளைக் காரோடு காத்திருந்தார். வேளாண்மைத் துறையில் வேலை, வீடு குடவாசல் பக்கம். கணவர் வளைகுடாவில் இருந்தார். காரை அந்தப் பெண்தான் தினமும் ஓட்டிக்கொண்டு வயல் வயலாகப் போய்வந்தார்.

"பாய், பேட்டரி மாத்தியாச்சு. டைனமோ போயிருக்கும்னு ஒருத்தர் அதையும் மாத்தினார். மறுபடியும் செல்ஃப் அடிக்கல. பக்கத்து வீட்டு லோடு வண்டியிலேர்ந்து கரண்ட் குடுத்துத்தான் எடுத்துக்கிட்டு வந்தேன்."

"தினமும் ஓட்டுறப்ப இந்தப் பிரச்சினை வருதுங்களா?"

யோசித்தார். "இல்ல. குறுவை அறுப்பு சமயத்துல ஒரு நாள்கூட வண்டிய நிறுத்தல. அப்ப நல்லாத்தான் ஓடிச்சு. மழைக்கு லீவு விட்டு வீட்டுல நிக்கிறப்பதான் செத்துப்போயிடுது."

பாதி வேலையை அவரே முடித்துவிட்டார். ஓடும்போது டைனமோ பேட்டரியை ஏற்றுகிறது. நின்றால் இறங்குகிறது. அப்படியானால் புதுப் பேட்டரியிலும் டைனமோவிலும் குற்றமில்லை. இருந்தாலும் இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தேன். சார்ஜ் சரியாக ஏறிக்கொண்டிருந்தது.

இன்ஜினை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரைக் கோத்தேன். இனி வண்டி எதைக் குடித்தாலும் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே ஃபியூஸ் பாக்ஸைத் தொட வேண்டியிருந்ததால் டிரைவர் கதவைத் திறந்தே வைத்து, அதன் பூட்டுக் கொக்கியை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிவிட்டேன். கதவு மூடியிருக்கிறது என்று வண்டி நம்ப வேண்டும், இல்லாவிட்டால் உள்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பிறகு காத்திருந்தோம். இந்தக் காலத்து வண்டிகள் உடனே தூங்குவதில்லை; அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்கள் அடங்கச் சிறிது நேரம் பிடிக்கும்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தார். தன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள் என்றும், இப்போது அந்த நிலத்திலேயே ஒரு பகுதி தங்கள் பெயரில் இருக்கிறது என்றும் சொன்னார். கார் அவருடைய சொந்தச் சம்பளத்தில் வாங்கியது.

வண்டி தூங்கிய பிறகும் மீட்டரில் எண் இறங்கவில்லை. கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் கொஞ்சம் போவது இயல்பு. இது அதைப்போலப் பல மடங்கு.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஹாரன், வைப்பர், ஏ.சி. எதிலும் எண் அசையவில்லை. மியூசிக் செட்டின் ஃபியூஸைப் பிடுங்கியதும் சட்டென்று கீழே விழுந்தது.

"செட்டுதான் கோளாறுங்களா? போன தடவை வீட்டுக்காரர் லீவுல வந்தப்ப மயிலாடுதுறையில கொண்டுபோய் மாத்திக்கிட்டு வந்தார்," என்றார்.

செட்டை வெளியே இழுத்து அதன் இணைப்பைக் கழற்றிவிட்டு ஃபியூஸை மறுபடி சொருகினேன். எண் பழையபடி ஏறியது. ஆக, செட் இல்லை. அதே லைனில் வேறு ஏதோ தொங்குகிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்பெனி வயரிங்கின் கறுப்பு டேப்புக்கு நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நீல டேப் சுற்றியிருந்தது. அங்கிருந்து மெல்லிய வயர் ஒன்று டேஷ்போர்டுக்குப் பின்னால் போனது. கையை விட்டுத் தடவி இழுத்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. ஒரு பக்கம் உப்பியிருந்தது. பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த ஒர்க்‌ஷாப்பில் கம்பெனி வண்டிகளுக்கு இதே மாதிரிப் பெட்டிகளை வளைகுடாவில் இருந்தபோது நிறைய மாட்டியிருக்கிறேன். உள்ளே ஒரு சிம்மும் சின்னப் பேட்டரியும் இருக்கும். இதில் அந்தச் சின்னப் பேட்டரி கெட்டுப்போய், எவ்வளவு ஏற்றினாலும் நிறையாமல், கார் பேட்டரியை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

தலை இன்னும் டேஷ்போர்டுக்குக் கீழேதான் இருந்தது. வயர் உரசி லீக் ஆகியிருந்தது, சரிசெய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவரும் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் எது குடிக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் அவர் வந்திருந்தார்.

வயரோடு பெட்டியைத் திறந்த கதவுவரை இழுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"மேடம், இது நீங்க மாட்டுனதுங்களா?"

"இல்லையே. என்ன இது?"

"ஜி.பி.எஸ். வண்டி எங்க நிக்குது, எங்க போவுதுன்னு போன்ல காட்டும்."

"யார் போன்ல?"

"யார் மாட்டச் சொன்னாங்களோ அவங்க போன்லங்க."

அவர் பெட்டியை வாங்கவில்லை. அந்தப் பச்சை விளக்கையே பார்த்தார். சாலையில் நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று போனது. அது போனதும் சொன்னார்.

"போன மாசம் ஒரு வாய்க்கா கரையில டயர் இறங்கி நின்னுட்டேன். நான் யாருக்கும் சொல்லல. எங்க வீட்டுக்காரரே போன் பண்ணி, 'என்ன, வழியில ஏதாவது பிரச்சினையா'ன்னு கேட்டார். அங்க இருந்துக்கிட்டு இவருக்கு எப்படித்தான் மனசுல படுதோன்னு ஆபீஸ் முழுக்க சொல்லிச் சந்தோஷப்பட்டேன், பாய்."

நான் சட்டையில் ஸ்பேனரைத் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை என்பதால் வளைகுடாவிலும் அன்று விடுமுறை. அவர் வண்டியருகே நின்றபடியே வீடியோ காலில் கணவரைக் கூப்பிட்டு, பெட்டியை என் கையிலிருந்து எடுத்து கேமராவுக்கு முன்னால் பிடித்தார். மறுபக்கம் கணவர் ஏதோ வேகமாகப் பேசியது கேட்டது.

"கேட்டிருந்தா நானே மாட்டிக்கிட்டிருப்பேன்," என்றார் இவர். குரல் உயரவில்லை. "கேக்காம மாட்டுனீங்க பாருங்க, அதுதான்."

போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "எடுத்துடுங்க."

வயரை வெட்டி, முனையை மூடி, செட்டைத் திரும்ப வைத்தேன். மீட்டரில் எண் இருக்க வேண்டிய அளவுக்கு வந்து நின்றது. தானும் பார்க்க வேண்டும் என்று அவர் குனிந்து பார்த்தார். பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சில நாள் கழித்துக் கணவரே என்னை அழைத்தார். கடை நம்பரை எப்படியோ பிடித்திருக்கிறார்.

"பாய், வயர் கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நீங்களும் இங்க இருந்துட்டுப் போன ஆளுன்னு சொல்றாங்க."

"பேட்டரி ஏன் இறங்குதுன்னு கேட்டாங்க தம்பி. இருந்ததைச் சொன்னேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் தணிந்தது.

"சந்தேகத்துல மாட்டல பாய். சாப்பாட்டு நேரத்துல போனை எடுத்துப் பாத்துக்கிட்டு இருப்பேன். அந்தப் புள்ளி குடவாசல்ல கிளம்பி வெண்ணாத்துப் பாலம் தாண்டும். நானே பக்கத்துல உக்காந்து போற மாதிரி இருக்கும். இதை அவகிட்ட சொன்னா நம்ப மாட்டேங்குறா. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்."

உண்மையாகவும் இருக்கலாம். வளைகுடாவில் வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்துத் தங்கும் அந்தக் கேம்ப் அறைகளை நான் அறிவேன். இல்லாமலும் இருக்கலாம். பெட்டி எதற்காக மாட்டப்பட்டது என்று மீட்டர் காட்டாது.

"அதை நீங்கதான் தம்பி சொல்லணும். நேர்ல வந்து சொல்லுங்க," என்றேன்.

பொங்கலுக்குக் கணவர் ஊர் வந்திருந்தார். பொங்கல் கழிந்து, சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் இருவரும் அதே காரில் கடைக்கு வந்தார்கள். மனைவி ஓட்டினார், கணவர் பக்கத்து இருக்கையில் இருந்தார். ஒல்லியான, கூச்சப்படும் மனிதர். எனக்கு சலாம் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். வைப்பர் மெதுவாக ஓடுகிறது என்று வந்திருந்தார்கள். பேட்டரி பற்றிக் கேட்டேன். ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

கணவர் எதிர்க் கடைக்குத் தண்ணீர் வாங்கப் போனபோது அந்தப் பெண் தானாகவே சொன்னார்.

"இப்பல்லாம் நானே லொக்கேஷன் அனுப்புறேன் பாய். தோணுற அன்னிக்கு மட்டும். அனுப்பாத அன்னிக்கு ஏன்னு கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

"கேக்குறாருங்களா?"

"இதுவரைக்கும் கேக்கல. அடுத்த மாசம் அவர் திரும்பப் போனப்புறம்தான் தெரியும்."

கணவர் பாட்டிலோடு சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். நான் பானட்டைத் தூக்கி நிறுத்தி, வைப்பர் மோட்டாரின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தேன்.