ஸ்க்ரூ கழற்றாத ரிப்பேர்

கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைக்கும் தொழிலில், வேலை முடிந்ததற்கு ஒரே சாட்சி வாடிக்கையாளரின் கையெழுத்து. சர்வீஸ் சீட்டை நீட்டியபடி நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டரை ஒயரோடு சேர்க்கும் நெட்வொர்க் கார்டின் முதுகில் இரண்டு வாய் இருக்கும். டிவி கேபிள் மாதிரி ஒயருக்கு வட்ட வாய். டெலிபோன் பின் மாதிரி பின்னுக்குச் சதுர வாய். எந்த வாய் வேலை செய்ய வேண்டும் என்பதை ஃபிளாப்பி போட்டு, கீபோர்டில் நாலு தட்டுத் தட்டி மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். "மகன் இன்ஜினியர்" என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். முதலாளியோ, "கையெழுத்தில்லாம மூணு சீட்டு வந்தா, மறுநாள் நீ வர வேணாம்" என்றிருந்தார்.

காளவாசல்: ஒட்டிய காகிதம்

ஸ்பேர் பார்ட்ஸ் கடை அண்ணாச்சி கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியில் காகிதம் ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். யாரும் திறந்து பாகத்தை மாற்றிவிடக் கூடாதாம். எனக்கு நிம்மதி, திறக்கவே தேவையில்லை. ஒயர் சதுர வாயில் இருந்தது, கார்டோ வட்டத்தில். ஃபிளாப்பி போட்டுச் சதுரத்துக்கு மாற்றினேன். இணைப்பு வந்து, பக்கத்துக் கம்ப்யூட்டரின் பெயர் திரையில் தெரிந்தது. சீட்டை நீட்டினேன்.

அவர் காகிதத்தைத் தடவிப் பார்த்தார். "ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கு. தொறக்காமயே ரிப்பேரா? தானா சரியானதுக்கு நான் எதுக்குத் தம்பி கையெழுத்துப் போடணும்?"

சமயநல்லூர்: திறந்த பெட்டி

பாடம் கற்றுக்கொண்டேன். அரிசி ஆலையில் தேவையில்லாமலே ஸ்க்ரூவைக் கழற்றி, தூசி ஊதி, மூடினேன். பிறகுதான் ஃபிளாப்பி. பார்த்துக்கொண்டே இருந்த கணக்கப்பிள்ளை, "எதுக்குத் தொறந்தீக?" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லை, "சும்மாதான்" என்றேன்.

"உள்ள இருந்தத எடுத்துட்டு, ஊதி மூடிட்டீக. கையெழுத்து இருக்கட்டும், மொதல்ல பையக் கொட்டுங்க!"

கோரிப்பாளையம்: மூன்றாவது சீட்டு

டிராவல்ஸ் நடத்தும் அக்காவிடம் நான்கு கம்ப்யூட்டர். முந்தின வாரம் நானே எல்லாவற்றுக்கும் புது ஒயர் போட்டிருந்தேன். இப்போது நாலாவதில் மட்டும் இணைப்பு வரவில்லை. ஃபிளாப்பி போட்டுப் பார்த்தால், அது இன்னும் வட்ட வாயிலேயே இருந்தது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அதை மட்டும் மாற்றாமல், சோதிக்காமல் கிளம்பியிருக்கிறேன். வைரஸ் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சதுரத்துக்கு மாற்றிவிட்டுச் சொன்னேன்:

"என் தப்புதான்க்கா."

அக்காவின் கண் சுருங்கியது. "எந்த மெக்கானிக்கு தன் தப்புன்னு சொல்லியிருக்கான்? பெருசா எதையோ மறைக்கீக." மூன்று தடவை அணைத்துப் போடச் சொன்னார். மூன்று தடவையும் ஓடியது. அப்புறமும் மனசு ஆறவில்லை. சீட்டில் "தவறு என்னுடையது" என்று என்னை எழுத வைத்து, அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

நான் நீட்டிய சீட்டை முதலாளி இரண்டு தடவை படித்தார். கையெழுத்தே பொய்யோ என்று சந்தேகப்பட்டு, அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது:

"இனிமே அந்தத் தம்பியவே அனுப்புங்க. மத்தவக வந்தா எம்புட்டு நேரம் நான் பக்கத்துலயே காவக் காக்குறது?"

வேலை பறிபோகாமல் தப்பியது. மூன்று இடத்தில் நான் செய்த வேலையை யாரும் நம்பவில்லை, நம்பியது நான் செய்யாமல் விட்டதை மட்டும்தான்.