அரசலாற்று முகத்துவாரத்தில் ஒரு புகைப்படம்

காலை எட்டரைக்கு நாகப்பட்டினத்தில் பேருந்து ஏறினேன். காரைக்கால் இருபது கிலோமீட்டர். நாகூர் தாண்டி வாஞ்சூர் வந்ததும் சாலையோரம் மதுக்கடைகள். தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி எல்லை வந்துவிட்டது என்று சொல்ல வேறு பலகை வேண்டாம்.

என்னோடு நர்சிங் படித்த மலர்விழியைப் பார்க்கப் போனேன். விழிதியூரில் நெல் விவசாயக் குடும்பம் அவளுடையது. கணவர் குமரேசனுக்குத் தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. பாரிஸ் பக்கம் ரயில் பணிமனையில் வேலை. மணமாகி ஓராண்டுக்கு மேலாகியும் அவர் அங்கே, இவள் இங்கே. பிரெஞ்சுத் தூதரகத்தில் இவளுக்கு விசாவை மறுத்துவிட்டார்கள். அவர் இப்போது விடுப்பில் வந்திருந்தார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லிக் கடையில் மூவரும் உட்கார்ந்தோம்.

“விசா நேர்காணல்ல என்னதான்டி கேட்டாங்க?”

“கல்யாணப் போட்டோவுல ஏன் சிரிக்கல, கட்டாயக் கல்யாணமான்னு கேட்டாங்க. தாலி ஏறுறப்ப யாருடி பல்லக் காட்டிக்கிட்டு நிப்பா? அப்புறம், குடியுரிமைக்காகக் கட்டிக்கிட்டியான்னு கேட்டாங்க.”

“உங்களை?” என்று குமரேசனைப் பார்த்தேன்.

“வேலை, சம்பளம். அவ்வளவுதாங்க. எங்கூட வேலை பாக்குற வெள்ளைக்காரர் ஒருத்தர் அமெரிக்காப் பொண்ணைக் கட்டினாரு. அவங்க சிரிச்சாங்களான்னு யாரும் பாக்கல.”

எட்டு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள் மலர். அதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கறுத்த பெண், புடவை கட்டியவள், ஆகவே பிழைக்க வழி தேடி வருபவள். முடிவை எழுதிவிட்டுத்தான் நேர்காணலுக்கே கூப்பிட்டிருக்கிறார்கள்.

நெருக்கமாக நிற்கும் படங்களோடு மறுபடி விண்ணப்பிக்கும்படி விசா ஏஜென்ட் சொல்லியிருந்தாராம். ஆட்டோவில் கடற்கரைக்குப் போனோம், நூறு ரூபாய். அரசலாறு கடலில் சேரும் இடத்தில் புகைப்படக்காரர் காத்திருந்தார்.

“சார் தோள்ல சாஞ்சுக்குங்கக்கா. வாய் விட்டுச் சிரிங்க. இதுக்குன்னே நெறைய ஜோடிங்க வர்றாங்க, கூச்சப்படாதீங்க.”

மலர் சாய்ந்தாள். நடக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். “இன்னும் கொஞ்சம் கட்டிப் பிடிச்சாப்புல,” என்றார் புகைப்படக்காரர். அவள் சிரித்தாள், கண்ணில் நீர் தளும்பியது. சட்டென்று விலகி நின்றாள்.

“போதும். எடுத்ததையும் அழிச்சிடுங்க.”

“விசாவுக்குத்தானே மலர்,” என்றார் குமரேசன்.

“உங்களோட வாழத்தான் விசா. அதுக்காக நடுக்கடற்கரையில வேஷங்கட்டணுமா? அங்க வழக்குப் போடுங்க. அப்பவும் விசா வரலேன்னா நீங்க இங்க வாங்க.”

“சரி, வக்கீலைப் பாக்குறேன்,” என்றார் அவர். படங்களை அழிக்க, கேமராவுக்காகப் புகைப்படக்காரரிடம் அவரே கை நீட்டினார்.

மாலைப் பேருந்தில் திரும்பினேன். மலர் மறுபடி மருத்துவமனை வேலைக்குப் போனாள். பிரான்சில் வழக்கு நடந்தது. மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“விசா குடுத்துட்டாங்க. ஏன் மறுத்தாங்க, இப்ப ஏன் குடுத்தாங்க, ஒண்ணும் சொல்லல. தப்புன்னு ஒரு வார்த்தை இல்லடி.”

வாழ்த்தை விட்டுவிட்டு, “என்னைக்குடி கிளம்புற?” என்று கேட்டேன்.