தொட்டியில் மிதந்த லேபிள்: தாராவியிலிருந்து ஆண்டாப் ஹில் வரை

ட்ரைகிரெசில் பாஸ்பேட்! ரெக்சினை வளைய வைக்கும், சட்டென்று தீப்பிடிக்கவும் விடாது. ஒரே திரவம், இரண்டு வேலை. நெட்டில் படித்துப் படித்தே ரசிகனாகிவிட்டேன். அது வந்த கேனையாவது நேரில் பார்க்கத்தான் மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

மும்பை செம்பூரிலிருந்து குர்லாவில் ரயில் மாறி சயான், டிக்கெட் பத்து ரூபாய். அங்கிருந்து இருபது நிமிட நடை. 2.40க்குத் தாராவியில் காதர் பாயின் பட்டறை. பழைய கேன்களைக் கழுவி விற்பவர். லேபிள் இல்லாத கேன்தான் விலைபோகும் என்பதால், முதலில் லேபிளை ஊறவைத்து உரித்துவிடுவார். தொட்டியில் நான் தேடிய பெயரே மிதந்தது! பதினோரு நிமிடம் வீடியோ எடுத்தேன். அப்புறம்தான் கேட்டேன்: "கேன் எங்க பாய்?"

"எண்ணெப் பிசுக்கா இருந்துச்சு, வாடையும் இல்ல. சமையல் எண்ணெ கேன்னு நெனச்சி சாஃப் பண்ணி, காலைல பஜ்ஜிக்கடை செல்விக்குக் குடுத்துட்டேன்லா."

இதில் சில வகை வயிற்றுக்குள் போனால் நரம்பு கெட்டுக் கால் விழுந்துவிடும்.

"போன் போடுங்க பாய்!"

"கடை போடுத நேரம், எடுக்க மாட்டா. ஆட்டோவுல ஏறும், ஜல்தி!"

ஆட்டோ சயான் வரைதான் வரும், 26 ரூபாய். அதற்கு மேல் ஆட்டோவுக்கு அனுமதி இல்லாததால் டாக்சி, 62. சிக்னலில் ஒன்பது நிமிடம் நின்றோம். செல்வியின் கடை இருக்கும் ஆண்டாப் ஹில் சேர்ந்தபோது 3.24. வாணலியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

"செல்வி, அடுப்ப அமத்து! கேன் மாறிப்போச்சு. தப்பு எம்மேலதான்."

"என்ன பாய், யாவார நேரத்துல வெளையாட்டு? அந்தக் கேன்ல ஊத்தி வெச்ச எண்ணெ நல்லாத்தான இருக்கு."

"யாருக்காவது குடுத்தீங்களாக்கா?" என்றேன்.

"இன்னும் இல்ல. மொத பஜ்ஜிய நாந்தான் தின்னு பாப்பேன், உப்புக்கு." அடுப்பை அணைத்தார். "இப்பதான் தின்னேன். அஞ்சு நிமிசம் இருக்கும்."

அதே டாக்சியில் மருத்துவமனைக்குப் போனோம். கையோடு எடுத்துவந்திருந்த லேபிளைக் காட்டினேன். டாக்டர் சொன்னது: இப்போது எதுவும் தெரியாது, ஒரு மாதம் பாருங்கள், கால் மரத்தால் உடனே வாருங்கள்.

கேன் வாங்கப் போகிறவர்களுக்கு: வாசனையை நம்பாதீர்கள். சாப்பாட்டுக்குப் புதிய கேன் மட்டும். சந்தேகமான எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடித் தனியே வையுங்கள். லேபிளைப் பார்த்தால் படம் எடுக்காதீர்கள், கேன் எங்கே என்று கேளுங்கள்.

தினமும் காலையில் செல்விக்குப் போன் செய்கிறேன்.

"கால் எப்படிக்கா?"

"நடக்கேம்ல. நாளைக்கும் கேளு."