சைலன்சர் சும்மா இருந்த சனிக்கிழமை

போன சனிக்கிழமை டவுண் ரத வீதியில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்: "அண்ணாச்சி, பின்னால எதையோ இழுத்துட்டுப் போறியளே!"

எதையும் இழுக்கவில்லை. என் காரின் புகைக்குழாய்தான். பெயர் என்னவோ சைலன்சர்... போடுவது பாத்திரக்கடைச் சத்தம்!

ஒரு வருடமாக இந்தக் கச்சேரி. குழாயைத் தாங்கும் ரப்பர் அறுந்ததும், சொந்த மூளையை உபயோகித்து இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். சத்தம் இரண்டு மடங்கானது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேனே — அந்தச் சத்தம் எனக்குக் கொஞ்சம் வசதியாகவும் இருந்தது. சாத்தான்குளத்தில் இருக்கும் மைத்துனனோடு மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "தம்பி வீட்டுக்கு ஒரு நட போவமா?" என்று மனைவி காரில் கேட்கும்போதெல்லாம், "என்னது... கேக்கலியே?" என்று காதில் கை வைத்துவிடுவேன்.

ஆனால், நடுத்தெருவில் மானம் போனால்? நேரே மெக்கானிக் இசக்கியிடம் விட்டேன். மனைவியும் காரில் கூடவே இருந்தாள்.

குழாய் ஆறும்வரை காத்திருந்த இசக்கி, காருக்கடியில் படுத்து அதை ஆட்டிப் பார்த்தார்.

"இந்தக் கம்பிய எவன் கட்டினது அண்ணாச்சி?"

"...யாரோ."

"இரும்ப இரும்போட இறுக்கினா அதிர்வு பூரா பாடிக்குத்தான ஏறும்? குழாய் ரப்பர்ல பைய தொங்கணும். எங்கனயும் இடிக்கப்படாது."

கம்பியை வெட்டி எறிந்தார். புது ரப்பர்களை மாட்டி, தளர்ந்திருந்த கிளாம்பை முடுக்கினார்.

கிளம்பினோம். அப்படியொரு அமைதி! ஆற்றுப் பாலம் தாண்டியதும் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "இப்ப கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப சாத்தான்குளத்துக்கு விடுங்க."

எஸ்.டி.டி. பூத்தில் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் போகலாமே என்றேன்.

"கூடப் பொறந்தவன் வீட்டுக்குப் போக போன் வேற போடணுமாக்கும்? பேசாம வண்டிய விடுங்க."

வழி நெடுக வசனம் தயாரித்தேன். நானே மன்னிப்புக் கேட்பதா? அவனைக் கேட்க வைப்பதா? ஒருவேளை, வாசலோடு அனுப்பிவிட்டால்?

வாசலில் காரை நிறுத்தியதும் மைத்துனன் வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"வாங்க அத்தான்..." என்று முன்னால் வந்தான். "என்ன இப்படி மெலிஞ்சிட்டிய?"

வசனமெல்லாம் மறந்துபோயிற்று. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். விட மனமில்லை.

சாப்பிடும்போது இருவரும் யோசித்துப் பார்த்தோம் — சண்டை எதற்காக வந்தது? எனக்கு நினைவில்லை. அவனுக்கும் இல்லையாம்.

மனைவிக்கு மட்டும் எல்லாம் வரிசையாக நினைவிருக்கிறது. நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை!