நர்ஸம்மாவைக் கேட்டு வந்த அழைப்புகள்

கணியம்பாடியிலிருந்து நர்ஸம்மாவின் தம்பி போனில் பேசியபோது நான் படவேட்டில் என் கடையில் ஒரு பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா விடியக்காலம் போய்ட்டாங்க," என்றார். கையில் பிடித்திருந்த கம்பியைப் பாதியில் விட்டால் சுற்று கலைந்துவிடும் என்பதால் அந்தக் காயிலை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

சகுந்தலா நர்ஸம்மாவை உங்களுக்கெல்லாம் தெரியும். ஜவ்வாது மலையில் அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், பணி ஓய்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது நோயில் விழும்வரை, இருந்தவர். அங்கே நடந்த இரங்கல் கூட்டத்துக்கும் உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அவர் பார்த்த பிரசவங்களைப் பற்றிப் பேசினார்கள், போட்ட தடுப்பூசிகளைப் பற்றிப் பேசினார்கள். தொலைபேசியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒரு அதிகாரி மட்டும் மூலையைக் காட்டி, டவர் வந்துவிட்டதே, அந்தப் பழைய போன் பெட்டி இன்னும் எதற்கு என்று கேட்டார். பேசுபவர்கள் வரிசையில் என் பெயர் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில், மேலே ஒரு சிற்றூரிலிருந்து ஒரு கர்ப்பிணியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதே நேரத்தில் நர்ஸம்மா அந்தப் பெண்ணைப் பார்க்கத்தான் வேறு தடத்தில் அந்த ஊருக்கு ஏறிக்கொண்டிருந்தார். அவர்கள் வந்து சேர்ந்தபோது நிலையத்தில் அவர் இல்லை. குழந்தை தங்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, நிலையத்தின் போர்வெல் மோட்டாரைப் பழுது பார்க்கச் சொல்லி என் கடைக்கு வந்தவர், கடைக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நான் இழுத்து வைத்திருந்த இரண்டு தொலைபேசிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மலை மேல வருமாண்ணா?" என்று கேட்டார். "ஒரே காட்டுல ஒருத்தரை ஒருத்தர் தாண்டிப் போயிருக்கோம். இன்னொரு தரம் அப்படி ஆவக் கூடாது."

எனக்கு யாரும் கணினி சொல்லித்தரவில்லை. வேலூரில் மூடிவிட்ட ஒரு பிரௌசிங் சென்டரிலிருந்து வாங்கி வந்த பழைய கணினியில் நானே கற்றுக்கொண்டேன். அதை இயக்க லினக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டதற்குக் காரணம் உண்டு. தப்பு நடந்தால் எங்கே நடந்தது என்று அது எழுதி வைக்கும். மனிதர்கள் அப்படிச் செய்வதில்லை. அந்தக் கணினியைக் கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனேன். மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடக்கூடியது தடுப்பூசிக் குளிர்பெட்டி இருந்த அறை ஒன்றுதான். நர்ஸம்மா அங்கே ஒரு பிளக்கை மட்டும் கொடுத்தார். குளிர்பெட்டிக்கு ஏதாவது ஆனால் என் பெட்டியைத்தான் முதலில் பிடுங்குவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்.

அந்தக் கணினியை, ஊர்களின் போன்களை இணைத்துவிடும் சர்வராக நிறுவும்போது பக்கத்தில் நின்று பார்த்தார். கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

"படமே வரலியே, கெட்டுப்போச்சா?"

"இது சினிமா கொட்டா இல்லம்மா."

"அப்ப இன்னாத்துக்குங்க இவ்ளோ பெரிய டிவி?"

சர்வர் வேலை செய்ய ஆரம்பித்தபின் திரை தேவையில்லைதான். மறுநாளே கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவர் சொன்னார் என்பதற்காக அல்ல.

இணையத் தொலைபேசிக்கான மென்பொருள் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் மலையில் அதை இணையத்திலிருந்து இறக்க முடியவில்லை. பாதியில் இணைப்பு அறுந்துவிடும். எது எது தேவையோ அத்தனையையும் படவேட்டில் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே போய்ப் பார்த்தால் அது ஓடத் தேவையான ஏதாவது ஒரு துணைநிரல் விட்டுப்போயிருக்கும். கீழே இறங்கி, மறுபடி ஏறுவேன். ஊர்களில் தண்ணீர்த் தொட்டிகளின் மேல் வயர்லெஸ் ஆன்டெனாத் தட்டு வைத்து, அதிலிருந்து பழைய லேண்ட்லைன் போன்களுக்கு இணைப்புக் கொடுத்தேன். ஊருக்கு ஒரு போன். எல்லாம் சர்வருக்கு வரும், அங்கிருந்து நர்ஸம்மாவின் மேசைக்குப் போகும்.

முதல் அழைப்பு வந்த நாளில் மணி அடித்தது, எடுத்தார். மேலே பேசுகிறவரின் குரல் இவருக்குக் கேட்டது. இவர் பேசுவது அங்கே கேட்கவில்லை. இந்தத் தொழிலில் இது வழக்கமான கோளாறு. மணி போகும் வழி வேறு, குரல் போகும் வழி வேறு. சர்வரில் இரண்டு நெட்வொர்க் அட்டைகள் இருந்தன. குரலை அனுப்ப நர்ஸம்மாவின் போனுக்கு அது தவறான முகவரியைச் சொல்லியிருந்தது. நான் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சரி செய்யலாம் என்றேன். அவர் ரிசீவரை வைக்கவே இல்லை.

"அவங்க பேசறது எனக்குக் கேக்குதுங்களே. இப்போதிக்கு அது போதும், வுடுங்க. இன்னா நோவுன்னு தெரிஞ்சா நான் நடந்து போய்ப் பதில் சொல்லிக்கிறேன்."

அரைகுறையாக ஓடும் ஒன்றை ஊருக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் கொள்கை. நிறுத்தினேன். கோளாறைக் கண்டுபிடித்துச் சரி செய்யும்வரை அவர் என்னோடு பேசவில்லை. இடையில் சாமைச் சோறு மட்டும் வந்தது, பெருக்குகிற அம்மாவின் கையில்.

பிறகு வந்தது பெரிய சண்டை. மலை ஜனங்கள் கூலி வேலைக்குக் கீழே போகும்போது செல்போனில் ஒன்றைப் பழகியிருந்தார்கள். ஒரு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவார்கள். கூப்பிட்டவருக்குக் காசு போகும், ஆகவே மறுமுனைதான் திருப்பிப் பேச வேண்டும். எங்கள் போனில் காசே கிடையாது. ஊர் ஊராகப் போய்ச் சொன்னேன். தலையாட்டினார்கள். மறுபடியும் ஒரு மணி, அவ்வளவுதான். நர்ஸம்மா மேசைக்கு ஓடி வருவதற்குள் ஓய்ந்திருக்கும். அவருடைய போனில் எண் தெரியாது. எந்த ஊரில் என்ன அவசரம் என்று தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருப்பார்.

மிஸ்டு கால் வந்தால் சர்வரே அந்த ஊரைத் திருப்பிக் கூப்பிடும்படி செய்யச் சொன்னார். மாட்டேன் என்றேன். எடுக்கும்வரை காத்திருக்க ஜனங்கள் கற்றுக்கொள்ள வேண்டும், கெட்ட பழக்கத்துக்கு வழி செய்து கொடுக்கக் கூடாது என்றேன்.

"நோவுல கெடக்கறவங்களுக்குப் பாடம் எடுக்கச் சொல்றீங்களா? உங்க மெஷின் சும்மாதானே குந்தினு இருக்குது. அதுக்கு எடுங்க."

செய்து கொடுத்தேன். யாராவது மணியடித்து வைத்துவிட்டால் சர்வர் அந்த ஊரைத் திருப்பிக் கூப்பிடும். அவர்கள் எடுத்ததும் நர்ஸம்மாவோடு இணைக்கும். அதன்பின் அந்த மலையில் அவரைக் கூப்பிட்டு, பதில் கிடைக்காமல் போனவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று அவர் ஒரு தரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

சிறுநீரகம் கெட்டு வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது பார்க்கப் போனேன். முகம் வீங்கியிருந்தது. உட்காரக்கூட விடாமல், மலையில் தன் நம்பருக்கு வரும் அழைப்புகளைத் தன் செல்லுக்குத் திருப்பிவிடச் சொன்னார். தன் இடத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ் பெண்ணுக்கு ஊர்களும் தெரியாது, ஆட்களும் தெரியாது என்றார்.

"முடியாது," என்றேன்.

"முடியாதா, செய்ய மாட்டீங்களா?"

"செய்ய மாட்டேன்."

செய்வதற்கு ஒரு வரி மாற்றினால் போதும் என்பது அவருக்குத் தெரியும். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவர். ஆனால் மலையிலிருந்து ஒரு குரல் கேட்டால், கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப நீங்க கெளம்புங்க," என்றார்.

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். மறுபடி நான் போகவில்லை. போயிருந்தால் பேசியிருப்பாரா என்று தெரியாது. தம்பியிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இதை வருத்தம் தெரிவிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் எழுந்து வந்து மறுபடி கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். எழுந்து வந்து கேட்க மாட்டாரா என்றுதான் இருக்கிறது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றைக்கே நர்ஸம்மாவின் எண்ணுக்கு வரும் அழைப்புகள் புதிய நர்ஸுக்கும், அவர் எடுக்காவிட்டால் இணையத்தின் வழியே என் கடைக்கும் வரும்படி மாற்றியிருந்தேன். நர்ஸம்மா இறந்த செய்தி மலைக்கு ஏறிய அன்று, ஊர் ஊராக மணி அடித்தது. ஒரு மணி, பிறகு மௌனம். சர்வர் தன் வேலையைச் செய்தது. ஒவ்வொரு ஊரையும் திருப்பிக் கூப்பிட்டது. புதிய பெண் அஞ்சலிக்குப் போயிருந்ததால் எல்லாம் என்னிடம் வந்தன. "நர்ஸம்மா..." என்று ஆரம்பிப்பார்கள். ஆமாம் என்பேன். அதற்கு மேல் அவர்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் ஒருவரும் போனை வைக்கவில்லை.

பெட்டி இன்னும் எதற்கு என்று கேட்ட அதிகாரிக்கு: டவர் நிற்கும் மேட்டுக்கு அந்தப் பக்கத்துச் சரிவில் உள்ள ஊர்களில் இன்னும் சிக்னல் இல்லை. போய்ப் பார்க்கலாம். எடுத்துப் போக மாட்டேன்.

நர்ஸம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய எண். எனக்கு ஊசி போடத் தெரியாது, நாடி பார்க்கத் தெரியாது. யார் எந்த ஊர், எந்த ஊருக்கு எந்தத் தடம், யாரை எழுப்பினால் வண்டி வரும் என்பது தெரியும். இப்போதெல்லாம் மணி அடித்தால் காயிலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். சுற்று கலைகிறது. திரும்பக் கட்டிக்கொள்கிறேன்.