தேத்தண்ணி நேரத்துக்கு முன்பு வந்த போன்

போன வருடம் ஐப்பசி மழை நேரம். அம்மாவுக்குச் சீனி வருத்தம் முற்றி, பதுளை ஆஸ்பத்திரி வார்டில் வைத்திருந்து, இனி வீட்டுக்குப் போகலாம் என்று டிக்கட் வெட்டி, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனித் தினமும் இன்சுலின் ஊசி. காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்று வார்டிலிருந்த சிங்கள நர்ஸ் தனக்குத் தெரிந்த தமிழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்குப் போன் பண்ணுவதாகவும் சொன்னார். எல்லோரிடமும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவை வீட்டில் உட்கார வைக்க யாராலும் முடியாது. கொஞ்சம் தெம்பு வந்ததுமே கொழுந்துக் கூடையைத் தூக்கிவிட்டார். அன்று விடிந்ததும் ஊசியைப் போட்டுவிட்டேன். வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போனார். அங்கே அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்து, மலையேறி, கொழுந்து பறித்து, ஒன்பதரை மணிக்குத் தேத்தண்ணி நேரத்தில்தான் ரொட்டியைப் பிரிப்பார்கள். எங்கள் தோட்டத்தில் காலைச் சாப்பாடு என்றால் அதுதான்.

நான் வேலைக்குப் புறப்படும்போது போன் அடித்தது. அந்த நர்ஸ்தான்.

"தங்கச்சி, அம்மாக்கு ஊசி போட்டதா? சாப்பிட்டதா?"

"ஊசி போட்டாச்சுங்க மிஸ். ரொட்டி கொண்டு போயிருக்காங்க. மலையில சாப்பிடுவாங்க."

"சீனி எடுத்து ஓடுங்க. இப்பவே ஓடுங்க. ஊசி போட்டு சாப்பிடாட்டி இரத்தத்தில சீனி இறங்கும், அம்மா மயங்கி விழும்," என்றார்.

சீனியும் தண்ணீர்ப் போத்தலுமாக ஓடினேன். அம்மா தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுங்கியது. "யாரும்மா நீ?" என்று என்னையே கேட்டார். சீனியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். அதற்குள் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவரையும் நர்ஸ்தான் போன் பண்ணி அனுப்பியிருந்தார். "ஏன்டி அழுவுற, கூடை நிறைய வேணாமா?" என்று அம்மா அதட்டிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

நர்ஸ் அதோடு விடவில்லை. பெரட்டு எப்போது, ரொட்டி எப்போது என்று என்னைத் துருவித் துருவிக் கேட்டு, டாக்டரிடம் பேசி எங்கள் வேலை நேரத்துக்கு ஏற்ற ஊசியாக மாற்ற வைத்தார். வாராவாரம் இரத்தம் பார்க்க டிஸ்பென்சரியில் சொல்லிவைத்தார். சாப்பிடாமல் வந்தால் திருப்பி அனுப்பும்படி கங்காணியிடமும் பேசியிருக்கிறார். எங்கள் அம்மாவைக்கூட ஒருவரால் திருப்பி அனுப்ப முடிந்தது என்பதை லயத்தில் பலர் இன்னும் நம்பவில்லை.

அவர் எங்கள் மலையைப் பார்த்ததே இல்லை. டிக்கட் வெட்டியதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்திருந்தால், அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குத்தான் அம்மா இருந்திருக்க மாட்டார்.